வீட்டுக் கணக்கு: ஊழியம் ஆபீஸாகிப் போகும் விதம்

போன மாதம் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிதாக ஊழியம் தொடங்கியிருக்கும் மூன்று தம்பிமாரைப் பார்க்கப் போனேன். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) சாக்கு விரித்து ஜெபக்கூட்டம், சாயந்தரம் பிள்ளைகளுக்குப் பாடம், மழை, அட்டைக்கடி பார்க்காமல் மேட்டு லயங்களுக்கு நடை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில் ஒருவர் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார். "பாஸ்டர், இப்ப நாங்களும் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்கிறோம்." தேதி, லயம், சந்தித்த வீடுகள், ஜெபித்தவர்கள், போட்டோ. 18 வருடத்துக்கு முன் நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட அதே கட்டங்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். காசில் கை வைக்காதே, ஜெபத்தை விடாதே, தலைக்கனம் கூடாது என்பதெல்லாம் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். எங்கள் ஊழியத்தைக் கெட்ட ஆள் யாரும் வந்து கெடுக்கவில்லை. நாங்களேதான், நல்ல எண்ணத்தோடு.

வீட்டுக் கணக்கு

நாங்கள் நாலு பேர் ஆரம்பித்தோம். சம்பளம் யாருக்கும் இல்லை. ஒருவர் ஆட்டோ ஓட்டினார், நான் டவுனில் ஒரு கடையில் நின்றேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பு மூட்டின பிறகுதான் ஆட்கள் பேசக் கிடைப்பார்கள் என்பதால் ஆறு மணிக்கு மேல்தான் லயத்துக்குப் போவோம். வசனம் சொல்வது கொஞ்ச நேரம், கேட்டுக்கொண்டிருப்பதுதான் அதிகம். கிலோ குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த கதை, சேமலாப நிதிப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருப்பது, குடித்துவிட்டு வரும் மனுஷன், கொழும்புக்குப் போய் மூன்று மாதமாகப் போன் எடுக்காத மகன்.

பிறகு ஒரு நிறுவனம் மாதாமாதம் கைச்செலவு தர முன்வந்தது. பதிலுக்குக் கேட்டது மாத அறிக்கை ஒன்றுதான். நியாயம்தானே, காசு தருகிறவர் கணக்குக் கேட்பார். முதல் மாதம் உள்ளதை எழுதினோம், 31 வீடு. அடுத்த மாதம் கூடவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் 28 என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

தோட்டத்தின் கீழ் டிவிஷன் (கீழ்ப் பிரிவு) ரோட்டோரம். இரட்டை லயம், ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு வீடு பார்த்துவிடலாம். மேல் டிவிஷனுக்கு ஏற ஒன்றரை மணி நேரம், அங்கே எங்களுக்குக் கதவு திறக்கிற வீடு நாலே நாலு. மேல் டிவிஷனை விட்டுவிடுவோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. ஒரு கிழமை மழை என்றோம், ஒரு கிழமை ஆட்டோ பழுது என்றோம், பார்த்தால் எட்டு மாதம் போயிருந்தது. அறிக்கையில் ஒரு பொய் இல்லை. எண்ணெல்லாம் உண்மை என்பதாலேயே எங்களுக்கு உறைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஏறினேன். அங்கே ஓய்வுபெற்ற ஒரு அம்மா, கண் பாதி தெரியாது. என் குரல் கேட்டதும் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து, முடியைத் தடவிவிட்டு, சுவரோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னம்மா என்றேன். "படம் புடிக்கத்தானே வந்தீங்க ஐயா." போனை நான் வெளியே எடுக்கவே இல்லை.

இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, அவர்மேல் இல்லை.

ஒன்பதாவது வருடம் அந்த உதவி நின்றது. அவர்களுக்கு அவர்கள் கஷ்டம். அப்போது ஆறு ஊழியர்கள் இருந்தோம், அதே மாதம் நாலு பேர் லயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். அதில் இரண்டு பேர் சம்பளமே இல்லாமல் என்னோடு ஆரம்பித்தவர்கள். இலவசமாகச் செய்துகொண்டிருந்ததை இடையில் சம்பள வேலையாக மாற்றியது நான்தான். சம்பளம் நின்றால் வேலை நிற்கத்தானே செய்யும்?

இது நம்மோடு ஆரம்பித்ததும் இல்லை. 1854ல் ஆங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' (பெயரையே பாருங்கள்) திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரைக் கொண்டுவந்து கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தது. செலவில் ஒரு பங்கு கொடுத்தவர்கள் தோட்டத் துரைமார். கூலி கைக்கு வரவில்லை என்று லயத்தில் ஒருவர் அழுதிருந்தால், அந்த உபதேசி அதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசுக் கணக்கைச் சதம் விடாமல் எழுதுங்கள். ஆட்களுக்கு வேறு கொப்பி போடுங்கள். அதில் எண் வேண்டாம், பெயரும் அவர் கடைசியாகச் சொன்ன விஷயமும் போதும், அந்தக் கொப்பி யாருக்கும் அனுப்புவதற்கில்லை. சில மாதம் குறைவாகத்தான் வரும் என்பதை உதவி தருகிறவரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அந்தக் காசு வேண்டாம்.

கட்டடம்

1992ல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனாலும் பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்துடையது. தலைமுறையாக இருப்பவருக்கே காம்பரா சொந்தமில்லாத இடத்தில் நமக்கு மண்டபம் எழும்புமா? போதாததற்கு, புது வழிபாட்டுத் தலத்துக்கு அமைச்சு அனுமதி வேண்டும் என்று 2008ல் சுற்றறிக்கையும் வந்தது. இரண்டு வருடம் நான் மலை ஏறியதைவிடக் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) படி ஏறியதுதான் அதிகம்.

கூட்ட நேரம்

சனிக்கிழமை காலை பத்து மணி யாருக்கு வசதி? மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கு இல்லை.

வாலிபர் கூட்டம்

வாலிபர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். இங்கே பேனர் இருக்கிறது.

பழைய கதை

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தைப் பார்த்துத்தான் கடிபட்டவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறை கழித்து ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்கள், எசேக்கியா ராஜா உடைத்துப் போட்டான். எங்களிடம் அந்த இடத்தில் இருந்தது முதல் உபவாசக் கூட்டத்தின் போட்டோ. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அந்த ராத்திரியின் கதையைச் சொல்வோம், அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஊழியத்தை மகனுக்குக் கொடுப்பது

வேண்டாம். மகனுக்கும் அதுதான் நல்லது.

சரி, அந்தத் தம்பிமாரின் ஃபைல். கடைசிப் பக்கத்தில் மேட்டு லயம்: போன மாதம் 7, இந்த மாதம் 3. விடுபட்ட நாலு வீடு யாருடையது என்று கேட்டேன். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூவரில் இளையவர் நாலு பெயரையும் சொன்னார், ஒரு வீட்டில் பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்றும் சொன்னார். ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.