ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை எடைபோடும்போது செய்யக்கூடாதவை

ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கே அமெரிக்கப் பள்ளிகளுக்குப் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுக்கும் புது ஈ.எஸ்.எல். ஆசிரியர்கள் வருகிறார்கள். தீபாவளி தாண்டுவதற்குள், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்ததையே அவர்களும் செய்து முடித்துவிடுகிறார்கள். வேகமாகப் பேசுவது, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருப்பது போன்றவற்றைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேச்சை வைத்துப் பிள்ளையை அளப்பது

இதைக் கண்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டாம் வகுப்பில் சேர்ந்த பெண். நான்காம் வகுப்புக்கு வரும்போது சண்டை, சமாதானம், கோள் மூட்டுவது எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மத்தியானத்தில் நிழல் ஏன் சுருங்குகிறது என்று நாலு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதிதாக வந்த ஆசிரியர் கணக்குப் போட்டார்: ஆங்கிலம்தான் வந்துவிட்டதே, பிறகும் எழுத வரவில்லை என்றால் கற்றல் குறைபாடாகத்தான் இருக்கும். சிறப்புக் கல்விச் சோதனைக்குப் படிவம் போய்விட்டது.

பேச்சு ஆங்கிலமும் பாட ஆங்கிலமும் ஒன்றல்ல என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். முதலாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நியூஜெர்சி உட்படப் பல மாநிலங்களில், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் மொழித் திறனை அளக்க நடக்கும் ஆக்சஸ் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தலா 35 சதவீதம், கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 15. தேர்வை வடிவமைத்தவர்களே பேச்சை அவ்வளவுதான் நம்புகிறார்கள்! நான்கு பிரிவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பேச்சு மேலே, எழுத்து கீழே என்றால் இந்த வயதில் அது நோயல்ல.

அந்தப் பெண்ணிடம் நிழலைப் பற்றித் தமிழில் கேட்டேன். "சூரியன் தலைக்கு மேல வந்துடுதுல்ல மிஸ், அப்ப நிழல் காலடியிலதானே விழும்" என்றாள். காரணம், விளைவு, வரிசை எல்லாம் சரியாக இருந்தது. "ஏனென்றால்", "அதனால்" என்று பாதி வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, மீதியை அவளை நிரப்பச் சொன்னாலே போதுமாக இருந்தது. அதைச் செய்யாமல், சோதனை முடிவு வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1970-இல் கலிபோர்னியாவில் டயானா வழக்கு நடந்ததும் இதே காரணத்துக்குத்தான். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் தேர்வு வைத்து, மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அவரவர் மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோருக்கு அந்த வகுப்பே தேவையில்லை என்று தெரிந்தது.

தாய்மொழியிலும் அதே தடுமாற்றம் இருந்தால் கதை வேறு. எப்போது பேசத் தொடங்கினான், அண்ணன் தங்கையோடு பார்த்தால் எப்படி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறானா என்று வீட்டில் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால், ஆங்கிலம் முதலில் வரட்டும் என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படித் தள்ளுவது சட்டப்படியும் தவறு.

வாய் திறக்காத பிள்ளையை எழுப்பி நிறுத்துவது

வந்த புதிதில் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசாது. காதால் வாங்கிக்கொண்டிருக்கும். சுட்டிக்காட்டச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். அதையே மதிப்பீடாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்வது

சொல்லாதீர்கள்.

கணக்கில் கதையைத் திணிப்பது

பேஸ்பால் இன்னிங்ஸ் தெரியாத பிள்ளை பெருக்கலில் தோற்றதாகப் பதிவாகும். அதே கணக்கை வெறும் எண்களாகவும் ஒரு தரம் கொடுத்துப் பாருங்கள்.

பெற்றோர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது

தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை முழுதாக மொழிபெயர்க்கும்? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையையோ கூடப் பிறந்தவர்களையோ நம்பக்கூடாது என்று 2015-இல் கூட்டாட்சிக் கல்வித் துறையும் நீதித் துறையும் எழுத்து மூலமாகவே சொல்லியிருந்தன; அந்த வழிகாட்டுதல் 2025-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். தமிழுக்கு ஆள் கிடைக்க நேரமாகும்.