கரடிப் பாப்பியைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செயின்ட் ஜார்ஜ் ஊரைச் சுற்றியுள்ள ஜிப்சம் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் குட்டைக் கரடிப் பாப்பி என்ற சிறு பூச்செடி முளைப்பதில்லை. 1979 முதல் அழியும் நிலையிலுள்ள இனமாக இது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இதன் மேல் ஆசைப்பட்டு வருகிறவர்களும் தெரியாமல் கெடுதல் செய்துவிடுகிறார்கள்.

அந்தக் குன்றுகள் வெறும் பொட்டலாகத்தான் தெரியும். குனிந்து பார்த்தால் மண்மேல் கருத்த, மேடும் பள்ளமுமான பொருக்கு இருக்கும். லைக்கன் என்ற பூஞ்சைக் கூட்டுயிரியும் பாசியும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதியில் அது நொறுங்கிவிடும். மறுபடி உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். படம் எடுப்பதற்காகக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

அடுத்தது, "பூவில் தேனீ மொய்க்கிறதே, அப்புறம் என்ன கவலை?" என்ற நினைப்பு. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. இந்த வெள்ளைப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் தன் மகரந்தத்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது. பக்கத்துச் செடியிலிருந்து வர வேண்டும். அந்த வேலைக்குப் பொருத்தமானது மண்ணில் பொந்து வைத்துத் தனியாக வாழும் ஒரு குட்டித் தேனீ, பெர்டிட்டா மெக்கோனிஸ். 1993இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். கரடிப் பாப்பி, அதன் உறவான பிரம்மதண்டு இனங்கள் ஆகியவற்றின் மகரந்தத்தை மட்டுமே அது குஞ்சுகளுக்குச் சேர்க்கிறது. முன்பு இந்தப் பூக்களில் நிறையக் காணப்பட்டது, பிந்தைய கணக்கெடுப்புகளில் யூட்டாவில் அகப்படவில்லை. இப்போது அங்கே மொய்ப்பது ஆப்பிரிக்கத் தேனீயும் ஐரோப்பிய வளர்ப்புத் தேனீயும் கலந்து உருவான கலப்பினத் தேனீ. அது மகரந்தத்தை வாரிக்கொண்டு போவதால் குட்டித் தேனீக்கு இல்லாமல் போயிருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. ஆகவே, உதவி என்று நினைத்து அருகில் தேனீப் பெட்டி வைக்காதீர்கள்.

பூவில் உட்காரும் பூச்சியெல்லாம் மகரந்தச் சேர்க்கை செய்வதில்லை. அது பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியைத் தொடுகிறதா, பிறகு வேறு செடிக்குப் போகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள்.

செடியைப் பிடுங்கி வீட்டில் நடும் ஆசையும் வேண்டாம், பிழைக்காது. வறண்ட ஆண்டில் ஒரு செடியும் தென்படவில்லை என்றால் "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதிவிடாதீர்கள். விதைகள் மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். அந்தக் குறிப்பை நம்பி யாராவது நிலத்தைச் சமன் செய்தால், விதையும் போகும், தேனீ பொந்து வைக்கிற மண்ணும் போகும்.