இதய அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சையில் சர்க்கரையைக் கையாளும் முறை

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிக்கு, அதுவரை நீரிழிவே இல்லாதிருந்தாலும், ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மி.கி.யைத் தாண்டுவது அரிதல்ல. அறுவையின் அதிர்ச்சியில் சுரக்கும் கார்ட்டிசாலும், ரத்த அழுத்தத்தைக் காக்கச் செலுத்தப்படும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றுவதோடு, இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. இதைக் கவனிக்காமல் விட்டால் மார்பெலும்புக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் சர்க்கரை 180 மி.கி.க்கு மேல் இருந்தால் சிரை வழி இன்சுலினைத் தொடங்கி, சர்க்கரையை 140 முதல் 180-க்குள் வைத்திருப்பதே இன்று பெரும்பாலோர் பின்பற்றும் இலக்கு. பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு 80–110 என்ற கடும் இலக்கை உயர்த்திப் பிடித்தது. ஆனால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட நைஸ்-சுகர் ஆய்வு, 2009-இல், அத்தகைய கடும் இலக்கில் இறப்பும் தாழ்சர்க்கரையும் அதிகம் என்று காட்டியது. ஆகவே 165 என்ற அளவைக் கண்டு இன்சுலினைக் கூட்டத் துடிக்க வேண்டியதில்லை.

கலவை தயாரிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. வழக்கமாக 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை நார்மல் சலைனில் சேர்த்து மொத்தம் 50 மி.லி. ஆக்கி, ஒரு மி.லி.க்கு ஒரு யூனிட் என்ற கணக்கில் சிரிஞ்ச் பம்பில் ஏற்றுகிறோம். நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் புழங்குகின்றன, முன்னதிலிருந்து 1.25 மி.லி.யும், பின்னதிலிருந்து 0.5 மி.லி.யும் எடுக்க வேண்டும். 100 யூனிட் குப்பியிலிருந்து பழக்கதோஷத்தில் 1.25 மி.லி. எடுத்துவிட்டால் கலவையின் வீரியம் இரண்டரை மடங்காகிவிடும். எனவே இன்னொரு செவிலியர் குப்பியின் லேபிளை வாசித்துச் சரிபார்த்த பிறகே கலக்க வேண்டும். இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், நோயாளிக்கு இணைக்குமுன் சுமார் 20 மி.லி. கலவையைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிவிடுவது நல்லது.

அளவு நிலைப்படும்வரை மணிக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும். கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து ஓடும் நோயாளியின் விரல் நுனி ரத்தத்தை நம்பாமல், தமனிக் குழாயிலிருந்து எடுத்து ரத்த வாயுக் கருவியில் பார்ப்பதே மேல். ரத்தசோகை இருந்தால் குளுக்கோமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அந்தத் தமனிக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் திரவம் ஓடக் கூடாது. ஓடினால் இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் செலுத்த நேரிடும். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் இழுத்துவிடுவதால், இதயத் துடிப்புத் தடுமாறாதபடி அதையும் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மயக்க மருந்தில் இருப்பவர் தலைசுற்றுகிறது என்று சொல்ல மாட்டார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து படபடப்பையும் மறைத்துவிடும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இன்சுலினை நிறுத்தி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 50 மி.லி. செலுத்தி, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்கேனுக்குக் கொண்டுசெல்வதற்காக மூக்குக் குழாய் உணவை நிறுத்தும்போது இன்சுலின் பம்பை நிறுத்த மறந்துவிடுவதும் தாழ்சர்க்கரைக்கு வழிவகுக்கும்.

நோயாளி சாப்பிடத் தொடங்கியதும், நிலையாக ஓடிய வேகத்தைக் கொண்டு ஒரு நாள் தேவையைக் கணக்கிட்டு, அதில் 60 முதல் 80 சதவீதத்தைத் தோலடி இன்சுலினாக மாற்றலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தே பம்பை நிறுத்த வேண்டும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை மீண்டும் தொடங்குவது சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பொறுத்தது.