ஒரே பீர்க்கங்காயில் கூட்டும் துவையலும்

காய்கறிச் செலவைக் குறைக்க மலிவான காயைத் தேடி அலைவதைவிட, வாங்கிய காயிலேயே இன்னொரு பதார்த்தம் செய்வது சுலபம். பீர்க்கங்காய் அதற்குத் தோதான காய். சதையில் பாசிப்பருப்புக் கூட்டு, தோலில் துவையல். சாதத்தில் பிசையத் துவையல், தொட்டுக்கொள்ளக் கூட்டு என்று ஆகிவிட்டால் அன்றைக்குக் குழம்பும் வேண்டாம், பொரியலுக்கென்று தனிக் காயும் வேண்டாம்.

வாங்கும்போதே தோலையும் பாருங்கள். நல்ல பச்சையாக, நகம் வைத்தால் இறங்குகிற பிஞ்சாக இருக்க வேண்டும். முற்றிய காயின் தோலை எவ்வளவு வதக்கினாலும் நார் போகாது.

துவையலுக்கு வேண்டியவை: நறுக்கிய தோல் ஒரு கப், உளுத்தம்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் 4, தேங்காய்த் துருவல் 2 டேபிள்ஸ்பூன், சின்ன நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய்.

முதலில் காயை முழுசாகவே தேய்த்துக் கழுவுங்கள். வரிகளின் இடுக்கில்தான் அழுக்கு இருக்கும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலைக் கொஞ்சம் சதையோடு சேர்த்தே சீவிக்கொள்ளுங்கள். உள்சதையில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் தோல், சதை எதையும் சமைக்க வேண்டாம். பீர்க்கு, சுரை, வெள்ளரி வகையில் அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுத்துவிடும்.

வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, உளுத்தம்பருப்பைச் சிறு தீயில் சிவக்க வறுங்கள். பருப்பு பாதி சிவந்ததும் மிளகாய், பெருங்காயம். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தோலைப் போடுங்கள்.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. முதலில் தோல் தண்ணீர் விடும். மூடி போடாமல் வதக்குங்கள். தண்ணீர் வற்றி, தோல் சுருண்டு, பச்சை வாசனை போய், ஓரங்கள் லேசாகப் பழுப்பேற வேண்டும். பத்து நிமிடமாவது ஆகும். கடைசியில் புளியையும் தேங்காயையும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள்.

நன்றாக ஆறட்டும். மிக்ஸியில் முதலில் பருப்பு, மிளகாய், உப்பைக் கரகரப்பாகப் பொடித்து, அப்புறம் தோலைச் சேர்த்து அரையுங்கள். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். ஊற்றினால் சட்னியாகிவிடும். சூடான சாதம், நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் - அவ்வளவுதான். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தோசைக்கு ஆகும். தேங்காய் இருப்பதால் அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

சௌசௌ தோலிலும் இதே துவையல் வரும். முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு வதக்கலாம், கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போடலாம், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைச் சுரைக்காய் மாதிரிக் கூட்டு வைக்கலாம். காலிஃபிளவர் தண்டு சாம்பாருக்கு நன்றாகவே இருக்கிறது, மேல்தோலை மட்டும் உரித்துவிட வேண்டும். பட்டாணித் தோலைப் பற்றியும் கேட்பீர்கள். உள்ளே இருக்கும் சவ்வை ஒவ்வொன்றாக உரித்தால்தான் வாயில் வைக்க முடியும்; என்னைக் கேட்டால் அந்தப் பாடு வேண்டாம். உருளைக்கிழங்குத் தோலை மொறுமொறுவென்று வறுக்கலாம். ஆனால் பச்சை பூத்த தோலும் முளை விட்ட இடமும் நச்சு. அவற்றை ஆழமாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.