எஸ்டேட்ல சுகர் செக் பண்ணியாச்சு, ரிசல்ட்ட எப்படி சொல்றது?

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்ல கோயில் மண்டபத்துல சுகர், பிரஷர் செக் பண்ற ப்ரோக்ராம் நடத்துறவங்களுக்குத்தான் இது. செக் பண்ற வரைக்கும் நல்லா போகும், அப்புறம் காசு குடுத்தவங்களுக்கு ரிப்போர்ட், வாட்ஸ்அப்ல நாலு போட்டோ, அதோட சரி, விரல்ல குத்து வாங்குன பாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் கேட்டா மொத ரிப்போர்ட் அவங்களுக்குத்தான்.

அன்னைக்கே ஒரு அட்டையில ரீடிங்க எழுதி கையில குடுத்துடுங்க. வெறும் 11.2ன்னு (இங்க சுகர் அளவு mmol/L கணக்கு) எழுதாம சாப்பிட்டு வந்தாங்களா வெறும் வயித்துலயான்னும் போடுங்க, அது தெரியாட்டி கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) இருக்குற மிஸ்ஸிக்கு, அதான் நர்ஸுக்கு, அந்த நம்பர் சரியா உதவாது. விரல்ல குத்தி பாக்குறத வச்சு மட்டும் வியாதின்னு முடிவு கட்ட முடியாது, கிளினிக்ல ரத்தம் எடுத்து பாக்கணும், அதையும் சொல்லிடுங்க.

மொத்த ரிசல்ட்ட சொல்றதுலதான் சிக்கல். "நம்ம எஸ்டேட்ல பாதி பேருக்கு சுகர்"ன்னு மைக்ல சொல்லிடாதீங்க லா. செம்பனை குலை வெட்ட போன ஆம்பளைங்க யாரும் வரல, வீட்டுல இருந்த பாட்டிங்களும் ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறவங்களும்தான் வந்தாங்கன்னா அது வந்தவங்கள்ல பாதி, அவ்வளவுதான். எஸ்டேட்ல பெரியவங்க எத்தனை பேர், வந்தது எத்தனை, சுகர் அதிகமா இருந்தது எத்தனை, மூணையும் சேத்தே சொல்லுங்க. 2019 தேசிய சுகாதார சர்வேல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சுகர், மலேசிய இந்தியர்கள்ல 31.4ன்னு வந்துச்சு, ஆனா அது நாடு முழுக்க வீடுகள பொறுக்கி எடுத்து பாத்தது, உங்க நம்பர பக்கத்துல வச்சு ஒப்பிட வேணாம். ஆறு மாசம் கழிச்சு திரும்ப செக் பண்ணி "எல்லாருக்கும் குறைஞ்சிருச்சு"ன்னு சொல்றதும் இதே கதைதான், வராம போனவங்க எத்தனை பேருன்னு சொல்லணும்.

சதவீதம் புரியாதவங்களுக்கு மண்டபத்துல பத்து நாற்காலி போட்டு, பத்துல மூணு பேருக்குன்னா மூணுல செவப்பு துணிய போடுங்க, வந்தவங்கள்ல இத்தனை பேருக்குன்னு பாத்தாலே புரிஞ்சிடும். (சுகர பத்தி பேசுற கூட்டத்துல பால் டின் ஊத்துன தே தாரேக் குடுக்குறதையும் பாத்திருக்கேன், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் குடுங்கப்பா.)

பேர் போடலன்னா போதும்னு நெனைக்காதீங்க, "கடைசி லயத்துல காலு எடுத்த பழைய மண்டோர்"ன்னு (மண்டோர்னா வேலைய மேய்க்கிறவர்) எழுதுனா ஊருக்கே தெரியும். அஞ்சு பேருக்கும் கொறைவா இருக்குற கூட்டத்த தனியா பிரிச்சு காட்டாதீங்க.

மாவட்ட சுகாதார ஆபீஸுக்கு மலாய்ல ஒரே பக்கம் ரிப்போர்ட் குடுங்க, எது நடக்கலன்றதோட. ப்ரோக்ராம்ல வச்சிருந்த சாயங்கால நடைப்பயிற்சி மழைல நின்னு போச்சுன்னா அதையும் எழுதுங்க. கூட்டம் கலையறதுக்கு முன்னாடி, ரீடிங் அதிகமா இருந்தவங்கள யார் கார்ல கிளினிக் கூட்டிட்டு போறதுன்னு பேர் எழுதி வாங்கிடுங்க.