பிரசவ வலி நிவாரணம்: முடிவெடுப்பதில் எங்கே சறுக்குகிறோம்

"வலி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதுதான் இதில் பெரிய தவறு. இடுப்பை முறுக்கும் வலி சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற நேரத்தில், அதுவரை முகமே பார்த்திராத ஒரு மயக்க மருத்துவர் பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினால் யாருக்கு அது காதில் ஏறும்? ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் எபிடூரல் (முதுகில் ஒரு மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்திப் பிரசவ வலியை மரத்துப்போக வைக்கும் முறை) போட இந்த மருத்துவமனையில் ஆள் இருப்பாரா என்பதைத்தான். பல இடங்களில் பகலில் கிடைப்பது இரவில் கிடைக்காது.

சரி, முன்கூட்டியே முடிவெடுத்தாச்சு என்று அதையே சபதமாக்கிக்கொள்வதும் சரிப்படாது. குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம், வலி வருவதற்காக மருந்து ஏற்றுகிறார்களா என்பது, இது எத்தனையாவது பிரசவம் என்பது எல்லாமே வலியின் போக்கை மாற்றும். எதுவும் வேண்டாம் என்று போனவர் பாதியில் கேட்கலாம், கேட்டவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். இதில் வீரம் தோல்வி என்று எதுவும் இல்லை. 1847இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு ஈதர், குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகளைக் கொடுத்தபோதே வலியைக் குறைப்பது முறையா என்ற சண்டை தொடங்கிவிட்டது. 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். இன்னும் அதே சண்டையை வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எபிடூரல் போட்டால் காலமெல்லாம் முதுகுவலி, சிசேரியன்தான் ஆகும் என்று சொல்பவர்கள் ஏராளம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட அலசலில் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம், அது வேறு. அதற்காகப் பக்கவிளைவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்பு, காய்ச்சல் வரலாம், சிறுநீர் கழிக்க டியூப் வைக்க வேண்டி வரலாம், முக்கிப் பெறும் கட்டம் கொஞ்சம் நீளலாம்.

அதைப் போடும் விதம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாடையை மார்போடு சேர்த்து, பூனை மாதிரி முதுகை வெளியே வளைக்கச் சொல்வார்கள். முதலில் தோலை மரத்துப்போக வைக்கும் சின்ன ஊசி, அப்புறம் பெரிய ஊசி, அதன் வழியாக நூல் போன்ற ஒரு குழாய்; ஊசியை உருவிவிடுவார்கள், உள்ளே இருப்பது குழாய் மட்டும்தான். நடுவில் வலி வந்தால் அசையாமல் இருக்க முயன்று பல்லைக் கடிக்காதீர்கள், "வருது" என்று சொன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். போட சுமார் பத்து நிமிடம், மருந்து பிடிக்க இன்னும் பதினைந்து இருபது நிமிடம். கடைசி நேரத்தில் கேட்டால் குழந்தை முந்திக்கொள்ளலாம். ஆனால் கர்ப்பப்பை வாய் இத்தனை சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் போட வேண்டும் என்பது பழைய கணக்கு. பிரசவ வலி தொடங்கிய பின் தாய் கேட்பதே இப்போது போதுமான காரணம்.

போட்டதும் வலி சுத்தமாகப் போய்விடும் என்று எதிர்பார்த்தாலும் ஏமாற்றம்தான். குழந்தை இறங்கும் அழுத்தம் தெரியும். சுமார் பத்தில் ஒருவருக்கு சரியாகப் பிடிக்காமல் போகும், சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்திருக்கும். அப்படியானால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். குழாயைச் சற்று இழுத்தோ, மருந்தைக் கூட்டியோ, மறுபடி போட்டோ சரிசெய்வார்கள்.

நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வலி உச்சத்துக்கு வந்த பிறகு முகமூடியை எடுக்கிறார்கள். அது வேலை செய்ய அரை நிமிடம் பிடிக்கும் என்பதால் வலி தொடங்கும்போதே இழுக்க ஆரம்பிக்க வேண்டும். முகமூடியை நீங்களே பிடியுங்கள். மயக்கம் கூடினால் கை தானாகத் தளர்ந்துவிடும், உதவுகிறேன் என்று கூட இருப்பவர் அழுத்திப் பிடித்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. பெத்திடின் போன்ற வலி குறைக்கும் ஊசியில் தாய்க்குத் தூக்கமும் குமட்டலும் வரும். பிறப்புக்கு நெருக்கத்தில் கொடுத்தால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம் என்பதால் மருத்துவர் மறுத்தால் கோபப்பட வேண்டாம்.

சொல்ல மறந்து மாட்டிக்கொள்ளும் விஷயம் ஒன்று: ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள், கடைசியாகப் போட்ட நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அளவைப் பொறுத்து 12 மணியோ 24 மணியோ கடக்காமல் எபிடூரல் போட மாட்டார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, முதுகெலும்பு வளைவு, பழைய முதுகு ஆபரேஷன் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பிரசவம் முடிந்து வரும் தலைவலி. உட்கார்ந்தால் மண்டை பிளந்து, படுத்தால் குறைகிறதென்றால் அது தூக்கமின்மையால் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். எபிடூரல் ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வைத் துளைத்திருந்தால் இப்படி வரும், சுமார் நூறில் ஒருவருக்கு. வீடு போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தி அடைக்கும் சிகிச்சை இருக்கிறது.