பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம்: பணம் வரும்படி எழுதுவது எப்படி?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் மேலாண்மைக் குழுத் தலைவி. புதிதாகக் குழுவுக்கு வரும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "கையெழுத்துப் போடறதைத் தவிர நமக்கு என்னக்கா வேலை?"

நிறைய இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த பிரிவுதான் நம் பிடி. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது இந்தக் குழு. அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. திட்டத்தில் ஏறாத தேவைக்குப் பணம் கேட்க நம் கையில் ஆதாரம் இருக்காது. மார்ச்சில் நிதியாண்டு முடிவதால் டிசம்பருக்குள் எழுதிவிடுங்கள்.

எழுதும் முன் ஹெச்.எம்.மோடு பள்ளியைச் சுற்றி வாருங்கள். சட்டத்தின் அட்டவணை கையில் இருக்கட்டும்: ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்.

அப்புறம் தீர்மானம். "கழிப்பறை சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் அந்தத் தாள் எந்த மேசையிலிருந்தும் நகராது. நாங்கள் எழுதியது இப்படி: "பெண் பிள்ளைகள் கழிப்பறையில் இரண்டு அறைகள். முதல் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் வாசலோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் வாளியில் தண்ணீர் தூக்கிப் போகிறார்கள். குழாயை உள்ளே நீட்டவும், தாழ்ப்பாள் மாற்றவும், கை கழுவும் தண்ணீரை முருங்கைக்கும் வாழைக்கும் திருப்பவும் வேண்டும். பிளம்பர் தந்த மதிப்பீடு இணைப்பில்."

கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று பள்ளி விடும்வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2015இல் ஐ.நா. வகுத்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நாலாவது கல்வி, ஆறாவது தண்ணீரும் சுகாதாரமும். அவ்வளவு பெரிய பேச்சும் நம் ஊருக்கு வந்து சேர்வது இந்தக் குழாய் வழியாகத்தான்.

பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். திட்ட விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.25,000; 101 முதல் 250 வரை ரூ.50,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. சாக்பீஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் இதே பணம்தான் என்பதால், தூய்மைப் பங்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்திலேயே கேட்டுத் தீர்மான நோட்டில் ஏற்றுங்கள்.

அதற்கு மேல் ஆகும் வேலை என்றால் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தண்ணீர்க் கோரிக்கைக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டம், நல்ல சமயம். குழுத் தீர்மானத்தின் நகலோடு நாலைந்து அம்மாக்களாகப் போங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் பள்ளியின் பெயரும் வேலையின் பெயரும் ஏறியதை வாசித்துப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள். ஒன்றியப் பள்ளி என்பதால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கும் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தால் ரசீதுகளை அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். இரண்டு ஆண்டில் குழு மாறும். நோட்டை ஒப்படைக்கும்போது முடியாமல் நிற்கும் வேலைகளையும், எந்த மனு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.